கை மாறும் ரூபாய்: ஆரம்பாக்கத்தில் ஒரு பொருளாதார விசாரணை

சென்னையிலிருந்து கல்கத்தாவை நோக்கி வடக்கே ஓடும் தேசிய நெடுஞ்சாலை, செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என்று ஒவ்வோர் ஊராகத் தொட்டுக்கொண்டு போய், தமிழ்நாட்டை விட்டு வெளியேறுமுன் கடைசியாகச் சந்திக்கிற ஊர் ஆரம்பாக்கம். இதற்கு அப்பால் தடா. அது ஆந்திர தேசம். கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்பு நீர்ப் பரப்பும் அதை நம்பி ஜீவிக்கும் மீனவக் குப்பங்களும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்கு ஆலைகளும் உலோகப் பட்டறைகளும். தென்மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் மிஷெலின் டயர் தொழிற்சாலை. மேற்கே எல்லைக்கோட்டுக்கு அப்பால் 2008-இல் எழுந்த ஸ்ரீசிட்டி. ஏரிப் பணம், ஆலைப் பணம், சாலைப் பணம் என்ற மூன்றும் வந்து கூடுகிற ஸ்தலம் இது. ஒரு ரூபாய் மனிதர்களிடையே எவ்வாறு பிரயாணம் செய்கிறது என்பதை ஆராய விரும்புகிறவனுக்கு இதைவிடத் தகுந்த இடம் வாய்ப்பது அரிது.

ஒரு தேசத்தின் ஐசுவரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அங்கே எத்தனை கோடி முதலீடு வந்தது, எத்தனை ஆலைகள் திறக்கப்பட்டன என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். ஆனால் ஓர் ஊருக்குள் வருகிற பணம் ஒரு விஷயம். வந்த பணம் அந்த ஊரிலே எத்தனை கை மாறுகிறது, எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பது முற்றிலும் வேறு விஷயம். முன்னது கம்பெனிகளின் அறிக்கைகளில் அச்சாகிறது. பின்னது மளிகைக் கடையின் நீளக் கணக்கு நோட்டில் பேனாவால் கிறுக்கப்படுகிறது. சாமானிய ஜனங்களின் வாழ்வு தாழ்வு இரண்டாவதைப் பொறுத்தே நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

சம்பள வாரமும் வறண்ட வாரமும்

1936-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியிலே இயற்றப்பட்ட சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிலாளிகளை உடைய ஸ்தாபனங்கள் மறுமாதம் ஏழாம் தேதிக்குள்ளும், மற்றவை பத்தாம் தேதிக்குள்ளும் சம்பளத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று கெடு விதித்தது. அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் தொழிலாளியின் நலத்தை மட்டுமே மனத்தில் வைத்திருக்கக்கூடும்; ஆயினும், தொழிற்பேட்டைகளை அண்டிய ஊர்களின் கடைத்தெருவுக்குச் சம்பள வாரம், வறண்ட வாரம் என்ற இரண்டு பருவங்களை உண்டாக்கியதும் அந்தக் கெடுவேதான். மாதத்தின் முதல் பத்து நாள்களில் கோழிக் கடையிலும் பிரியாணிக் கடையிலும் கூட்டம் நெருக்குகிறது. பிள்ளைக்குச் செருப்பு, மனைவிக்குப் புடவை, கைபேசிக்கு ரீசார்ஜ் என்று ஒத்திவைத்த செலவெல்லாம் ஒருசேர வந்து விழுகிறது. இருபதாம் தேதி கடந்ததும், லிட்டர் கணக்கில் எண்ணெய் வாங்கிய அதே கை ஐம்பது மில்லி பாக்கெட்டை நாடுகிறது.

சிறு பொட்டலத்தில் விற்கும் இந்த வித்தையை இந்தியாவுக்குப் பெரிய அளவில் பழக்கியவர்கள் தமிழர்களே என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. கடலூரில் சிறு தொழில் நடத்திய சின்னி கிருஷ்ணன், ஷாம்பூவைச் சின்னஞ்சிறு உறைகளில் அடைத்து விற்கலாம் என்ற யோசனைக்கு உருக்கொடுத்தார். அவருடைய புதல்வர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழில் சிக் ஷாம்பூ உறையைக் குக்கிராமங்கள் வரை கொண்டுசென்றது. பெரிய புட்டியை வாங்குவதே லாபம் என்று கணக்குத் தெரிந்தவர் சொல்லலாம். ஆனால் அன்றாடம் கையில் வருகிற காசின் அளவுதான் பொருளின் அளவைத் தீர்மானிக்கிறது என்ற உண்மையை அந்தச் சிறு உறை பொருளாதார நூல்களைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தது.

இத்தகைய ஊர்களின் மளிகைக் கடை நோட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், அதில் மனிதர்களின் முழுப் பெயர்கள் அபூர்வம். 'ரோலிங் மில் ஒடியாக்காரர்', 'மாடி வீட்டம்மா', 'வலைக்கார அண்ணன்', 'ஸ்ரீசிட்டி பஸ் பையன்' என்று தொழிலும் இருப்பிடமுமே பெயர்களாக நிற்கும். பக்கத்தின் தலையில் பழைய பாக்கி. அதன் கீழே தேதிவாரியாகத் துவரம் பருப்பு கால், தக்காளி அரை, சோப்பு ஒன்று. சம்பள வாரத்தில் அத்தனையையும் கோணலாக ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் வரவு. "அண்ணே, எழுதி வச்சுக்கோங்க, பத்தாந் தேதி குடுத்துடறேன்" என்று வாடிக்கைக்காரர் சொல்லும்போது, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பேனாவை எடுக்கிறார். காரணம், அவரும் செங்குன்றத்து அரிசி மண்டியில் இதே வார்த்தையைத்தான் வேறொருவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மண்டிக்காரர் பொறுப்பது கடைக்காரரை நம்பி. கடைக்காரர் பொறுப்பது தொழிலாளியை நம்பி. தொழிலாளி நம்புவது ஆலையின் பத்தாம் தேதியை.

நூறு ரூபாய் பெருகும் வகை

பணம் தேசத்துக்குள் சுற்றி வருகிறது என்ற எண்ணத்தை முதன்முதலாகப் படமாக வரைந்து காட்டியவர் ஒரு வைத்தியர். பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னனுடைய அரண்மனையில் சிகிச்சை செய்துவந்த பிரான்ஸ்வா கேனே, 1758-இல், உழவர், நிலச்சுவான்தார், கைத்தொழிலாளர் என்ற மூன்று வர்க்கத்தாரிடையே செல்வம் போய்த் திரும்பும் பாதைகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டினார். 1911-இல் அமெரிக்கப் பேராசிரியர் இர்விங் பிஷர், புழக்கத்திலுள்ள பணத்தின் அளவோடு அது சுழலும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி வியாபாரத்தின் மொத்த மதிப்பை அறிய முடியாது என்பதைச் சமன்பாடாக எழுதினார். 1931-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ரிச்சர்டு கான், ஒருவருக்குக் கிடைத்த வேலை மேலும் எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்ற பெருக்கக் கணக்கை வகுத்தார். 1936-இல் பொருளியலறிஞர் கெய்ன்ஸ் அதைத் தம்முடைய பெரு நூலின் அச்சாணியாக்கினார்.

கணக்கு சுலபமானது. வெளியிலிருந்து ஊருக்குள் நூறு ரூபாய் வருகிறது. அதைப் பெற்றவர் எண்பது ரூபாயை ஊருக்குள்ளேயே செலவழிக்கிறார். அந்த எண்பதைப் பெற்ற தையற்காரரும் அதே விகிதத்தில் அறுபத்துநான்கைச் செலவழிக்கிறார். இப்படியே போய் முடிவில் ஊராரின் வருமானங்களைக் கூட்டினால் ஐந்நூறு ரூபாய் ஆகிறது. அதே நூறு ரூபாயைப் பெற்றவர்கள் தலைக்கு முப்பது சதவிகிதத்தை மட்டும் ஊரில் செலவழித்து மிச்சத்தை வெளியே அனுப்பினால், மொத்தம் நூற்று நாற்பத்துமூன்றோடு நின்றுவிடுகிறது. இரண்டு ஊர்களுக்கும் வந்தது ஒரே தொகைதான். ஒன்று ஐந்து மடங்கு அனுபவித்தது. மற்றொன்று ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், ஊருக்குள் பணத்தை அதிகம் சுழல விடுகிறவர்கள் செல்வர்கள் அல்லர். ஏழையின் ரூபாய் மீன்காரியிடமும் கீரைக்காரியிடமும் பஞ்சர் கடையிலும்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதந்தோறும் தரத் தொடங்கிய ஆயிரம் ரூபாயும், முதியோருக்கு வரும் ஓய்வூதியமும், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அரசு அளிக்கும் பணக்கொடையும் பெரிய தொகைகள் அல்ல. ஆனால் அவை ஒருநாளும் வங்கியில் உறங்குவதில்லை. வந்த வாரத்திலேயே கல்லாப் பெட்டிக்கு வந்துவிடுகின்றன. இத்தகைய உதவிகளை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள், அதே ஊர்க் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏளனம் செய்வது நலம்.

பணம் வெளியேறும் வாசல்கள்

இனி, வந்த பணம் எந்தெந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும்.

உருக்கு ஆலைகளின் உலைக்களத்தில் வெந்து உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் முதலிய மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் பலர் கூடி வாழ்ந்து, கூட்டாகச் சமைத்து உண்டு, மிச்சத்தைத் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்புகிறார்கள். 2016–17-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஆண்டுக்குச் சுமார் தொண்ணூறு லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. 1880-இல் மணியார்டர் முறை இந்தியாவில் ஏற்பட்டதிலிருந்து, இப்படி அனுப்பப்படும் பணம் தபால்காரரின் பையிலே நாள்கணக்கில் நடந்துதான் ஊர் சேர்ந்தது. இன்று சம்பளம் வந்த அன்று மாலையே கைபேசியின் ஒரு தட்டலில் பாலாசூரையும் பாட்னாவையும் எட்டிவிடுகிறது. இதை நஷ்டம் என்று முறையிடும் உரிமை தமிழனுக்குக் கிடையாது. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த மணியார்டர்களால் அடுப்பெரிந்த கிராமங்கள் நம் நாட்டில் எத்தனையோ. நமக்கு வெளியேற்றமாகத் தோன்றுவது வேறொரு தாயின் வீட்டில் வரவாக எழுதப்படுகிறது.

ஆனால் எல்லா வெளியேற்றமும் இவ்வளவு நியாயமானதன்று. மாலையில் டாஸ்மாக் மதுக்கடையில் கொட்டப்படும் கூலி, ஊரில் இரண்டாவது கை மாறுவதற்குள் அரசுக் கஜானாவுக்குப் புறப்பட்டுவிடுகிறது. 2023–24-இல் மதுவினால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது அதைப் பெற்ற 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கும் ஒரு வருஷத்துக்குக் கொடுக்க வேண்டியது 12,700 கோடி சொச்சம். கணவனின் சட்டைப் பையிலிருந்து எடுத்ததில் மூன்றரையில் ஒரு பங்கு மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்புகிறது என்று இதைச் சொல்லலாம். இடையில் அந்தக் குடும்பம் இழந்த ஆரோக்கியத்துக்கும் நிம்மதிக்கும் எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை.

தங்கம் மற்றொரு வாசல். 2023–24-இல் இந்தியா இறக்குமதி செய்த தங்கத்தின் கிரயம் 4,500 கோடி டாலருக்கு மேல். தீபாவளி போனஸாக வந்த பணம் நகைச்சீட்டின் கடைசித் தவணையோடு சேர்ந்து தியாகராய நகருக்கு ரயிலேறும்போது, அது ஆரம்பாக்கத்தை மட்டுமின்றி இந்தத் தேசத்தையே விட்டு நீங்குகிறது. ஆயினும் நகை வாங்கும் பெண்ணை அறிவிலி என்று யாரும் கருத வேண்டாம். வங்கி மானேஜர் கேட்கும் சம்பளச் சான்றிதழும் சொத்துப் பத்திரமும் இல்லாதவளுக்கு, நடுராத்திரியில் பிள்ளைக்கு ஜுரம் வந்தாலும் மறுநாள் காலையில் மதிப்பில் முக்கால் பங்கை ரொக்கமாகத் தரக்கூடிய சொத்து அது ஒன்றே. அடகுக் கடைப் பெட்டகத்துக்கும் வீட்டுப் பீரோவுக்கும் இடையில் அந்த இரண்டு சவரன் வளையல் எத்தனை தடவை போய்வந்திருக்கிறதோ, அத்தனை தடவை அந்தக் குடும்பம் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

வெளியேற்றத்தைத் தடுக்க வல்லது எது என்பதற்குப் பக்கத்துப் பழவேற்காட்டின் சரித்திரமே சாட்சி. 1610-இல் அங்கே வந்திறங்கிய டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நாளடைவில் அங்கேயே நாணயமும் அடித்தார்கள். கிழக்கிந்தியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அந்தத் தீவுவாசிகளோ சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளையே விரும்பினார்கள். ஆகவே, பொன்னும் வெள்ளியும் கப்பலேறி இங்கே வந்து, நெசவாளி, சாயக்காரர், தரகர், படகோட்டி என்று பல கைகளில் பரவின. துணி இங்கே நெய்யப்பட்டது மட்டுமின்றி, அதற்கு வேண்டிய நூலும் சாயமும் இந்தக் கரைநாட்டிலேயே கிடைத்தன என்பதே அந்தப் பரவலின் ரகசியம். இன்றைய தொழிற்பேட்டைக்கும் இதே உரைகல்தான். ஆலை இங்கே இருக்கிறது என்பது போதாது. அதன் உதிரிப் பாகம், சமையற்கட்டு, சீருடை, வண்டி வாடகை ஆகியவற்றில் எவ்வளவு இந்த வட்டாரத்தில் வாங்கப்படுகிறது என்பதே கேள்வி.

சாலை கொடுத்ததும் எடுத்ததும்

2017 ஜூலை முதல் தேதி சரக்கு, சேவை வரி அமலுக்கு வருமுன், இந்த நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்பதே ஒரு பெரிய வியாபாரமாக இருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு அருகே பெத்திக்குப்பத்திலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியில் காகிதங்களைக் காட்டக் காத்திருக்கும் டிரைவரும் கிளீனரும் தேநீர் குடித்தார்கள், சாப்பிட்டார்கள், டயருக்குக் காற்றடித்தார்கள், முகச் சவரம் செய்துகொண்டார்கள். புதிய வரி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுபட்டன. 2018 ஏப்ரல் முதல் மின்னணு வழிச்சீட்டு வந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயமாயிற்று. தேசத்தின் கணக்கில் இது பெரும் லாபம் என்பதில் ஐயமில்லை. லாரி நின்ற ஒவ்வொரு மணியும் யாரோ ஒரு வியாபாரியின் முதலை முடக்கிவைத்த மணிதான். ஆனால் அந்த மணிகளையே நம்பிப் பிழைத்த சாலையோரக் கடைகளுக்கு, தேசத்தின் விரைவு பிழைப்பின் குறைவாக வந்து முடிந்தது.

இந்த வரியின் இன்னொரு தன்மையும் கவனிக்கத் தக்கது. பொருள் எங்கே செய்யப்படுகிறதோ அங்கே அன்றி, எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே வரி சேர்கிறது. கும்மிடிப்பூண்டியில் உருக்கிய கம்பி நெல்லூரில் ஒரு வீட்டுக் கூரைக்குள் போனால், மாநிலத்துக்குரிய வரிப் பங்கு கம்பியோடு கூடவே எல்லையைத் தாண்டிவிடுகிறது. உலையின் புகை மட்டும் இங்கே தங்குகிறது. எல்லை இப்படி எடுத்துக்கொண்டதில் ஒரு சிறு பகுதியைப் பெட்ரோல் பங்குகளின் வாயிலாகத் திருப்பிக் கொடுக்கிறது. பெட்ரோல் மீது ஆந்திரம் விதிக்கும் வரி தமிழகத்தைவிட அதிகமாதலால், வடக்கே போகிற வண்டிகள் எல்லைக்கு இப்பாலேயே தொட்டியை நிரப்பிக்கொள்கின்றன.

மாறிவிட்ட செலவுகள்

வருமானம் ஏற ஏற உணவுக்கான செலவின் விகிதம் குறையும் என்று 1857-இல் சாக்சனி தேசத்துப் புள்ளிவிவர நிபுணர் எர்ன்ஸ்ட் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை வைத்துச் சொன்னார். அது இந்தியக் கிராமங்களில் இப்போது பிரத்தியட்சமாகியிருக்கிறது. 1999–2000-இல் கிராமக் குடும்பங்கள் உணவுக்குச் செலவழித்தது நூற்றுக்கு 59 ரூபாய். 2022–23-இன் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் அது 46 ஆகிவிட்டது. இதிலும் விசேஷம் தானியத்தின் வீழ்ச்சி. அன்று நூற்றுக்கு 22 ரூபாயை விழுங்கிய அரிசியும் கோதுமையும் இன்று 5 ரூபாய்க்குள் அடங்கிவிட்டன; பானங்கள், பலகாரங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், வெளிச் சாப்பாடு ஆகியவையோ அதைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கைப் பெறுகின்றன. அதே கணக்கெடுப்பில் தமிழகக் கிராமவாசி ஒருவரின் மாதச் செலவு 5,310 ரூபாய். அகில இந்திய கிராமச் சராசரி 3,773.

தமிழ்நாட்டில் தானியச் செலவு குறைந்ததற்கு ரேஷன் கடையும் ஒரு பிரதான காரணம். 2011 ஜூன் முதல் இங்கே ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. அரிசிக்குப் போயிருக்க வேண்டிய ரூபாய் குழந்தையின் டியூஷனுக்கோ, பைக்கின் மாதத் தவணைக்கோ, மாலை நேரத்துப் பானிபூரிக்கோ விடுதலை பெறுகிறது. இந்த விலையில்லா அரிசியைச் சேர்த்துக் கட்டி ரயிலிலும் வேனிலும் எல்லை தாண்டிக் கடத்த முயன்று பிடிபடுகிறவர்களைப் பற்றிய செய்தி, ஆரம்பாக்கத்துப் பெயரோடு பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுண்டு. இந்தப் பக்கம் விலை இல்லாத பொருளுக்கு அந்தப் பக்கம் விலை இருக்கும்போது, சோதனைச் சாவடி எத்தனை வைத்தாலும் அதைச் சுற்றிப் போக ஒருவன் வழி தேடிக்கொண்டுதான் இருப்பான்.

2016-இல் வந்த யு.பி.ஐ. என்ற கைபேசிப் பணமுறை இந்த வழக்கங்களையெல்லாம் மேலும் துரிதப்படுத்தியது. 2023 ஆகஸ்டில் முதல் தடவையாக அதன் பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டின. பத்து ரூபாய்த் தேநீருக்கும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது, பணம் வந்த சேதியைச் சிறிய ஒலிபெருக்கி உரக்கச் சொல்ல, மாஸ்டர் திரும்பிப் பாராமலே டீ ஆற்றுகிறார். சில்லறைத் தகராறு ஒழிந்தது. கடைக்காரருக்கு வங்கியில் வரவுசெலவுச் சரித்திரம் ஒன்று உண்டாகிக் கடன் கிடைக்கவும் வழி பிறந்தது. ஆனால் மடியில் முடிந்த நோட்டை அவிழ்க்கும்போது மனத்துக்கு நேர்கிற ஒரு சிறு தயக்கம் திரையைத் தட்டும்போது நேர்வதில்லை. தெருமுனைக் கடைக்குச் சுலபமான வழி, எங்கோ இருக்கிற ஆன்லைன் வியாபாரிக்கும் அதே அளவு சுலபம்.

தண்டல் அட்டையின் கணக்கு

சம்பள வாரத்துக்கும் வறண்ட வாரத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் வட்டிக் கடை நிற்கிறது. வட தமிழகம் நன்கறிந்த 'தண்டல்' முறையை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தரப்படுகிறது. நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் கட்டித் தீர்க்க வேண்டும். தண்டல்காரர் மாலையில் பைக்கில் வந்து, வண்டியை அணைக்காமலே நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு அட்டையில் அன்றைய கட்டத்தைக் குறித்துவிட்டுப் போகிறார். வாங்கினவளுக்கு இது ஆயிரம் ரூபாய் வட்டியாகத் தோன்றுகிறது. ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், அவள் கையில் சராசரியாக இருந்த கடன் நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு எண்பது ரூபாய் வட்டி.

இது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. 2003-இல் தமிழகம் கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றிற்று. 2025-இல் கடன் நிறுவனங்களின் வற்புறுத்தல் வசூலைத் தடுக்கவும் சட்டம் செய்தது. ஆயினும் தண்டல்காரர் மறையவில்லை. ஏரிக்கரையில் விடிகாலை ஏலத்தில் இறாலும் நண்டும் எடுக்கிற கூடைக்காரிக்கு அதிகாலையில் ரொக்கம் வேண்டும். மாலையில் விற்றுமுதல் வந்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கடன் கொடுக்கிற வங்கியை யாரும் இன்னும் திறக்கவில்லை. "யக்கா, நாளைக்குச் சேத்து வாங்கிக்கறேன்" என்று ஒருநாள் தவணையைப் பொறுக்கிற மனிதராகவும் சில சமயம் அந்தத் தண்டல்காரரே இருக்கிறார். வட்டியின் கொடுமையைப் பார்க்கிறவர்கள் இந்தச் சௌகரியத்தையும் பார்த்தாலன்றி, சட்டத்தால் மட்டும் அவரை வெல்ல முடியாது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வெற்றி பெற்ற இடங்களில், பணம் உரிய நேரத்தில் கைக்கு வந்ததும் வெற்றிக்கு ஒரு காரணம்.

நின்றுபோன பணம்

'சிக்கனம் வீட்டைக் காக்கும்' என்பது நம் பெரியோர் போதனை. அது வாஸ்தவமே. ஆனால் ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் செலவை நிறுத்தினால், ஒருவரின் செலவே மற்றொருவரின் வருமானமாதலால், எல்லோருடைய சேமிப்புமே சுருங்கிப்போகும் என்று கெய்ன்ஸ் எச்சரித்தார். ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூர் 1932-இல் இதைச் சோதித்துக் காட்டியது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் நிறைந்த அந்த ஊரின் மேயர் உன்டர்குக்கன்பெர்கர், நகராட்சியின் பெயரால் வேலைச் சீட்டுகளை வெளியிட்டார். மாதம் பிறக்கும்போது சீட்டின் மதிப்பில் ஒரு சதவிகிதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்டினால்தான் அது செல்லும். வைத்திருந்தால் நஷ்டம் என்பதால் சீட்டுகள் விரைந்து கை மாறின, சாலைகள் செப்பனிடப்பட்டன, வரிப் பாக்கி வசூலாயிற்று. 1933-இல் ஆஸ்திரிய தேசிய வங்கி அதைத் தடுத்து நிறுத்தியது.

நம்முடைய நாட்டில் இதற்கு நேர் எதிரான சோதனை 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு நடந்தது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு, புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 சதவிகிதத்தை ஒரே இரவில் முடக்கிற்று. ரொக்கக் கூலியை நம்பிய சிறு பட்டறைகளும், ரொக்க ஏலத்தை நம்பிய மீன் கரைகளும் வாரக்கணக்கில் தத்தளித்தன. அந்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி பிற்பாடு கணக்குக் கொடுத்தது. அதாவது, பணம் எங்கும் மறைந்துபோகவில்லை. ஏறத்தாழ முழுவதும் அப்படியே இருந்தது. நின்றது அதன் நடமாட்டம் ஒன்றே. அதற்கே ஜனங்கள் அத்தனை பாடு பட்டார்கள்.

கெடு

நோட்டடிக்கும் அதிகாரம் ஆரம்பாக்கத்துக்கு இல்லை; வரி விகிதத்தை மாற்றும் அதிகாரமும் இல்லை. ஆனால் நடமாட்டத்தை விரைவாக்குவதற்குப் புதிய பணம் வேண்டியதில்லை. உரிய பணம் உரிய நாளில் கொடுக்கப்பட்டால் போதும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தவறிய அத்தகைய தொகையை, கொடுத்துத் தீர்க்கும் வரையில், வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. சட்டம் கண்டிப்பானதுதான். ஆனால் பெரிய கம்பெனியின் மீது புகார் எழுதும் லேத் பட்டறைக்காரர், அடுத்த மாதமும் அதே கம்பெனியிடம்தான் ஆர்டர் கேட்டு நிற்க வேண்டும். ஆகையால் பெரும்பாலோர் எழுதுவதில்லை. நூறு நாள் வேலைக்குப் பதினைந்து நாளில் கூலி என்று 2005-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தும், கூலி வராத மாதங்களைக் கிராமங்கள் கண்டிருக்கின்றன.

முன்னிருப்பவர் பிடித்துவைத்தால் பின்னிருப்பவருக்கு எட்டாது என்பது பணத்துக்கு மட்டுமன்றித் தண்ணீருக்கும் பொருந்தும். ஆரம்பாக்கம் உள்ள திருவள்ளூர் ஜில்லா ஏரிகளின் ஜில்லா. மதகடியில் உள்ளவன் தன் வயல் நிரம்பிய பின்னும் மடையை அடைக்காமல் வைத்திருந்தால் கடைமடைக்காரன் பயிர் கருகும் என்பது இங்குள்ள உழவர் அனைவரும் அறிந்தது. பழவேற்காட்டு ஏரியின் பழைய மீனவக் கிராமங்கள் சிலவற்றில் இத்தகைய அநீதியைத் தடுக்கும் ஓர் ஏற்பாடு 'பாடு' என்ற பெயரால் வழங்குகிறது. மீன் வளம் மிக்க நீர்ப்பகுதிகளில் வலை போடும் உரிமை குடும்பங்களுக்குச் சீட்டுப் போட்டு முறைவைத்துத் தரப்படுகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை அடுத்தவருக்கு விட வேண்டும். வலிமையுள்ளவர் நல்ல இடத்தைத் தமக்கே வைத்துக்கொண்டால் கிராமம் நிலைக்காது என்பதைப் பள்ளிப் படிப்பு இல்லாத முன்னோர் உணர்ந்து வகுத்த விதி அது.

தொழிற்பேட்டைக்கு இத்தகைய விதி இன்னும் ஊறவில்லை. கம்பெனி பட்டறையின் பில்லை இரண்டு மாதம் தள்ளிவைக்கிறது. பட்டறை கூலியைப் பத்து நாள் தள்ளிவைக்கிறது. தொழிலாளி மளிகைப் பாக்கியைத் தள்ளிவைக்கிறார். தள்ளிவைக்க ஆளில்லாத கடைசி மனிதர் தண்டல்காரரிடம் அட்டை வாங்குகிறார். கம்பெனியின் கணக்கு இலாகாவுக்கு அந்த இரண்டு மாதமும் வட்டியில்லாத கடன். அந்த வட்டி எங்கும் தள்ளுபடியாகிவிடவில்லை. நூற்றுக்கு எண்பது வீதம் கூடைக்காரியும் கூலிக்காரரும் அதை நாள்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால், இந்த வட்டாரத்துக்குப் புதிய தொழிற்சாலைகளை அழைத்துவரும் அமைச்சர்களும் அதிகாரிகளும், எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில், எத்தனை நாளில் பணம் என்ற மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் போட்டதோடு நில்லாமல், புகார் வரும் என்று காத்திராமல், தாமாகவே கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் வேண்டும்.